பதவியில் இருக்கும் அமைச்சரைப் பற்றி 12 நிமிடம்: மேடை ஏறுமுன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

மைக்டெஸ்ட் எழுதியது:

வணக்கம். ஒன்றேகால் மணி நேரத் தமிழ் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி. அதில் 12 நிமிடம் பதவியில் இருக்கும் ஓர் அமைச்சரைப் பற்றியது. பெயர் சொல்வதில்லை, ஆனால் யாரென்று அரங்கில் எல்லோருக்கும் புரிந்துவிடும். 300 பேர் உட்காரும் தனியார் அரங்கு, டிக்கெட் தளம் வழியாக விற்பனை, பிறகு முழு நிகழ்ச்சியும் யூடியூபில்.

வழக்கு வந்தால் எந்தப் பிரிவில் வரும், கைது வரை போகுமா? பெயர் சொல்லாதது காப்பாற்றுமா? வழக்கைவிடப் பெரிய கவலை, அதற்கப்புறம் அரங்கே கிடைக்காமல் போவது. அதற்கு இப்போதே செய்து வைக்கக்கூடியது என்ன? "அரசியல் வேண்டாம், விட்டுடு" என்பதைத் தவிர எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

---

முன்ஜாமீன் எழுதியது:

பெயர் சொல்லாதது காப்பாற்றாது. கேட்பவருக்கு ஆள் யாரென்று விளங்கினால் அவதூறுக்கு அதுவே போதும். 2025 மார்ச்சில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் குணால் கம்ரா, மகாராஷ்டிரத் துணை முதல்வராக இருந்த ஏக்நாத் ஷிண்டேயைக் கிண்டல் செய்து பாடிய பாட்டில் அவர் பெயரை எடுக்கவே இல்லை. தாணே, ஆட்டோ, தாடி, கண்ணாடி, அப்புறம் துரோகி என்று பொருள்படும் ஒரு சொல். வீடியோ வந்த மறுநாள் மும்பையில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது.

அந்த எஃப்.ஐ.ஆரில் போட்ட பிரிவுகளைக் கவனியுங்கள், உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. பி.என்.எஸ். எனும் தண்டனைச் சட்டத்தின் 356, அதாவது அவதூறு, தனியாக வந்தால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் அதை விசாரிக்கவே முடியாது. அதனால் புகார் எழுதுபவர் 356-ஓடு நிறுத்தமாட்டார். பொது அமைதியைக் குலைக்கும் பேச்சு என்று 353, இரு பிரிவினரிடையே பகை என்று 196, மத உணர்வு என்று 299, இவற்றில் ஒன்றைக் கூடவே ஒட்டுவார். மூன்றும் பொதுவாக 3 ஆண்டு வரை தண்டனை உள்ளவை. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம் (353-இல் அது இரண்டாம் உட்பிரிவுக்குத்தான்), ஜாமீன் நீதிமன்றத்தில்தான். கம்ரா மீது போட்டதும் 353, 356 இரண்டையும் சேர்த்துத்தான்.

ஆகவே செட் (மேடையில் பேசப்போகும் பகுதி) எழுதும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது, "இதில் 353, 196, 299 ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா" என்பது. அமைச்சரின் சாதி, அவர் கும்பிடும் சாமி, அவர் வீட்டுப் பெண்கள், அவர் உடல் ஆகிய நான்கும் 12 நிமிடத்துக்குள் வரவே கூடாது. இதில் பண்பாட்டுப் பாடம் எதுவும் இல்லை. சாதியும் சாமியும் உள்ளே வந்த நிமிடமே வழக்கு 356-லிருந்து 196-க்கோ 299-க்கோ தாவிவிடும். மற்ற இரண்டும் வந்தால் உங்கள் பக்கம் நிற்கவேண்டிய ஆட்களும் ஒதுங்கிக்கொள்வார்கள்.

அவதூறுக்குள்ளேயும் ஒரு கோடு உண்டு. ஒரு பாலம் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். "அமைச்சர் பாலத்துல கமிஷன் அடிச்சிட்டார்" என்றால் அது நடந்ததாகச் சொல்லும் குற்றச்சாட்டு. நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். இதையே இப்படிச் சொன்னால்: "பாலம் விழுந்துடுச்சு. அமைச்சர் பேர் போட்ட கல்வெட்டு மட்டும் அசையாம நிக்குது. அந்தக் கல்வெட்டு வெச்ச கான்ட்ராக்டர்கிட்டயே பாலத்தையும் குடுத்திருக்கலாம்." பாலம் விழுந்தது செய்தியில் வந்தது. மீதி எல்லாம் அவருடைய பொதுப்பணியைப் பற்றிய கருத்து. 356-இன் விதிவிலக்குகளில் பொது ஊழியரின் பொது நடத்தை குறித்து நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு இடம் இருக்கிறது. அரங்கில் சிரிப்பும் இரண்டாவதற்குத்தான் அதிகம் வரும். ஒவ்வொரு பஞ்ச் வரிக்கும் அடியில் உள்ள தகவல் எந்தச் செய்தித்தாள், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி, நகலோடு கோப்பில் வையுங்கள்.

இப்போது கைது. 7 ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றத்துக்கு முதலில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீஸ் என்பதுதான் முறை. 2014-இல் உச்ச நீதிமன்றம் தந்த அர்னேஷ் குமார் தீர்ப்பிலிருந்து இது கண்டிப்பு. நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதியில் வக்கீலோடு போய் நில்லுங்கள், இல்லையென்றால் தேதி மாற்றம் கேட்டு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சும்மா இருந்துவிட்டால் கைதுக்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும். 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றத்தில், எஃப்.ஐ.ஆருக்கு முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதல்நிலை விசாரணை நடத்த அதே சட்டத்தின் 173(3) இடம் தருகிறது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகாரில் அதைச் செய்வது பொருத்தம் என்று 2025 மார்ச் 28-இல் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஸ்டாண்ட்-அப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உங்கள் வக்கீலின் கையில் அது இருக்கட்டும்.

முறை இருந்தும் நடக்காமல் போவது உண்டு. 2021 ஜனவரி 1 இந்தூரில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபாரூக்கி, பாஜக எம்.எல்.ஏ. மகன் கொடுத்த புகாரில் கைதானார். ஏற்பாட்டாளர்களும் கூடவே உள்ளே போனார்கள். உயர் நீதிமன்றம் ஜனவரி 28-இல் ஜாமீன் மறுத்தது. கைதுக்கு முன் நோட்டீஸ் தரச் சொல்லும் பழைய நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு (இப்போதைய 35) பின்பற்றப்படவில்லை என்ற வாதத்தின் பேரில் உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5-இல் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அப்புறமும் உத்தரப் பிரதேசத்தில் இருந்த பழைய வழக்கின் வாரண்ட் காரணமாக வெளியே வருவது தள்ளிப்போனது. ஆகவே வேறு மாநிலத்தில் புகார் இருக்கிறதா என்று முதல் நாளே வக்கீலைத் தேடச் சொல்லுங்கள். ஒரே பேச்சுக்குப் பல ஊர்களில் எஃப்.ஐ.ஆர். வந்தால் ஒன்றாக்கக் கேட்கலாம், 2020 அர்னாப் கோஸ்வாமி தீர்ப்பு அதற்கு உதவும். வெளிமாநிலத்தில் வழக்கு என்றால், இருக்கும் ஊரிலேயே இடைக்கால முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு அங்கே போகலாம். கம்ரா விழுப்புரத்தில் வசிப்பவர் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார், எஃப்.ஐ.ஆர். விழுந்த வாரத்திலேயே பாதுகாப்பு கிடைத்தது. இதற்கு முகவரிச் சான்று தேவை. ஆதாரும் வாடகை ஒப்பந்தமும் ஒரே முகவரியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

---

அரங்குசாவி எழுதியது:

சட்டம் அவங்க சொல்லிட்டாங்க. அரங்குப் பக்கத்தை நான் சொல்றேன், மேடை பறிபோறது பெரும்பாலும் இங்கதான்.

கம்ரா விஷயத்துல முதல் அடி யாருக்கு விழுந்துச்சுன்னு பாருங்க. அவர் நிகழ்ச்சியைப் படம்பிடிச்ச, மும்பையோட கார் (Khar) பகுதியில இருந்த ஹாபிடாட் அரங்குக்கு. மார்ச் 23 ஞாயிறு வீடியோ வந்துச்சு, அன்னிக்கு ராத்திரியே ஷிண்டேயோட சிவசேனா தொண்டர்கள் புகுந்து உடைச்சாங்க. அப்போ மேடையில ஓடிட்டிருந்தது வேற நிகழ்ச்சி, கம்ரா அங்க இல்லவே இல்ல. மறுநாள் மாநகராட்சி ஆளுங்க, அனுமதி இல்லாத கட்டுமானம்னு சம்மட்டியோட வந்தாங்க. அரங்கு மூடறதா அறிவிச்சுட்டாங்க. உடைச்சதுக்காகக் கைதான 12 பேர் அதே நாள் ஜாமீன்ல வெளிய.

கோபம் பேசினவர் மேல, கை விழறது அரங்கோட லைசென்ஸ் மேல. உங்க வழக்கு எத்தனை வருஷம் வேணும்னாலும் நடக்கட்டும், தீயணைப்புச் சான்று புதுப்பிக்க வேண்டிய முதலாளிக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. 2025 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஏபிசி டிவி, நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தற ஜிம்மி கிம்மலை ஆறு நாள் நிறுத்தி வெச்சுது. அதுல உள்ளூர் டிவி நிலையங்களை வெச்சிருக்கற நெக்ஸ்டார்ங்கிற நிறுவனம் தன் நிலையங்கள்ல அவர் நிகழ்ச்சியைப் போடமாட்டோம்னு சொல்லிச்சு. அந்த நிறுவனத்தோட பெரிய வாங்கல் ஒண்ணு அப்போ அந்த நாட்டு அரசோட தகவல் தொடர்பு ஆணையத்தோட ஒப்புதலுக்குக் காத்திருந்துச்சு. யாருக்கு எந்த ஆபீஸ்ல கையெழுத்து நிலுவையில இருக்குன்னு பார்த்தா, யார் முதல்ல கழண்டுக்குவாங்கன்னு தெரிஞ்சுடும்.

அதனால அரங்கு பிடிக்கறப்போ வாடகையை மட்டும் பேசாதீங்க. கட்டட அனுமதி, தீயணைப்புச் சான்று, பொது நிகழ்ச்சி உரிமம் மூணோட நகலும் கேளுங்க. மேல் மாடி தடுப்பு, மொட்டைமாடிக் கொட்டகைன்னு வரைபடத்துல இல்லாத எதுவும் இருந்தா அந்த இடம் வேண்டாம். பார் லைசென்ஸ் உள்ள இடத்தைவிட, சபா, கல்லூரி சாராத அறக்கட்டளை அரங்கு மாதிரி இடம் தாக்குப்பிடிக்கும். முதலாளிகிட்ட செட்டுல என்ன இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க. மறைச்சுப் பிடிச்சா, முதல் போன் வந்ததுமே அவர் உங்களைக் கைவிடறது நியாயம்தான்.

ஒப்பந்தத்துல மூணு விஷயம் எழுத்துல வரணும். ஒண்ணு, போலீஸோ மாநகராட்சியோ எழுத்துல உத்தரவு கொடுத்தா மட்டும் ரத்து, போன்ல சொன்னா இல்ல. ரெண்டு, அரங்குத் தரப்பு ரத்து பண்ணினா முன்பணம் இத்தனை நாளுக்குள்ள திரும்பணும். மூணு, பொருள் சேதம் வெளியாள் பண்ணினா அது உங்க பொறுப்பில்ல. மூணாவதை முதலாளி ஒத்துக்கமாட்டார், அங்கதான் பேரம். பாதியைப் பகிர்ந்துக்கறதா எழுதினாலும் பரவாயில்ல, எழுதாம விட்டுடாதீங்க.

வீடியோவுல அரங்கோட பேரோ, அடையாளம் தெரியற செங்கல் சுவரோ வேண்டாம். சாதாரணக் கறுப்புத் திரை போடுங்க. வீடியோ வர்ற அன்னிக்கு அந்த அரங்குல வேற யாரோ மேடையில இருப்பாங்கங்கிறதை நினைவுல வெச்சுக்குங்க. வெளியீட்டுத் தேதியை முதலாளிக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்றது கடமை.

போலீஸுக்கு ஒரு தகவல் கடிதம் 15 நாள் முன்னாடியே கொடுத்துடுங்க. 2021 நவம்பர்ல பெங்களூருல முனாவர் நிகழ்ச்சிக்கு 600-க்கு மேல டிக்கெட் வித்திருந்துச்சு. ஒரு நாள் முன்னாடி போலீஸ் ஏற்பாட்டாளருக்கு, சட்டம் ஒழுங்கு கெடும், ரத்து பண்ணுங்கன்னு கடிதம் கொடுத்தாங்க. அந்த ஒரு நாள்ல எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. அதே ஆளுக்கு 2022 ஆகஸ்ட்ல ஹைதராபாத்துல பலத்த காவலோட நிகழ்ச்சி நடந்துச்சு. அதே மாசம் டெல்லியில அனுமதி மறுத்துட்டாங்க. நகைச்சுவை அதேதான், ஆட்சியும் போலீஸும்தான் வேற.

---

முன்ஜாமீன் எழுதியது:

மேலே சொன்ன 15 நாள் ரொம்ப முக்கியம், மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட அவகாசம் அதில்தான் கிடைக்கும். கடிதத்தில் செட்டின் வசனத்தை இணைக்காதீர்கள். முன்பு தமிழ்நாட்டில் நாடகப் பிரதியைப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்க 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. இடம், நேரம், எத்தனை பேர், வாகன நிறுத்தம், பொறுப்பாளர் கைபேசி எண். இவை போதும்.

"கூட்டம் வந்து கலாட்டா செய்யும்" என்பது தடைக்குக் காரணமாகாது. 1989-இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான், அதுவும் ஒரு தமிழ்ப் படத்துக்காக எழுந்த வழக்கு. ஆர்ப்பாட்ட மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை அடக்கக் கூடாது, காப்பாற்றுவது அரசின் வேலை. 2019-இல் மேற்கு வங்கத்தில் ஓர் அரசியல் நையாண்டிப் படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுக்க வைத்ததற்காக, மாநில அரசு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டையும் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இரண்டே வரியில் குறிப்பிடலாம். படிக்கிற அதிகாரிக்கு, மறுத்தால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்தால் போதும்.

---

வைடுஷாட் எழுதியது:

வீடியோ பற்றி. வழக்கில் எதிர்த்தரப்பு கொண்டுவருவது உங்கள் வீடியோவை அல்ல, அதிலிருந்து யாரோ வெட்டிய 40 விநாடித் துண்டை. பாலம் ஜோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "பாலம் விழுந்துடுச்சு" என்ற முதல் வரியை விட்டுவிட்டு, கல்வெட்டிலிருந்து வெட்டினால் அது வேறு பேச்சு. அதனால் ஒவ்வொரு பஞ்ச் வரியிலும் விஷயத்தின் பெயர் ஒருமுறையாவது திரும்ப வரும்படி வரியைக் கட்டுங்கள். "அந்த ஆள்", "அவர் பண்ணினது" என்று பிரதிப்பெயரில் ஓடும் வரிதான் வெட்டுவதற்கு ரொம்ப வசதி. திரையின் கீழே நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் நிரந்தரமாக இருக்கட்டும்.

ஒரு கேமராவை மேடை முழுக்கத் தெரியும் வைடில் பூட்டி, முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். ஒலிக்கு மிக்ஸரிலிருந்து ஒரு தடம், பார்வையாளர் பக்கம் வைத்த மைக்கிலிருந்து ஒரு தடம். இரண்டாவது தடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 353-இன் குற்றச்சாட்டே அமைதி கெடும் என்பது. 300 பேர் சிரித்துக் கைதட்டி அமைதியாகக் கலைந்து போனதற்குச் சாட்சி அந்தத் தடம்தான். படப்பிடிப்பு முடிந்த அன்றே வெட்டாத மூலக் கோப்புக்கு ஷா-256 ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினிக் கைரேகை எண்) எடுத்து, அந்த எண்ணை வக்கீலுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மின்னணு ஆதாரம் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் எண்ணுக்கு இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். மூலக் கோப்பின் ஒரு பிரதி வீட்டிலும் அலுவலகத்திலும் இல்லாத மூன்றாவது இடத்தில் இருக்கட்டும். சோதனை வந்தால் லேப்டாப், ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்ந்தே போகும்.

சினிமாப் பாட்டு மெட்டு வேண்டாம். கம்ராவின் வீடியோவைத் தொட்டது போலீஸ் மட்டுமில்லை, இசை நிறுவனமான டி-சீரிஸ் பதிப்புரிமை கோரியதால் அது யூடியூபில் முடங்கியது. நையாண்டிக்கு நியாயமான பயன்பாடு என்று வாதிடலாம், ஆனால் அந்த வாதம் முடிவதற்குள் வீடியோவின் முதல் வாரம் போய்விடும். கோரிக்கைக்கும் ஸ்ட்ரைக்குக்கும் வித்தியாசம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை ஒரு வீடியோவின் வருமானத்தையோ தெரிவதையோ தடுக்கும். ஸ்ட்ரைக், அதாவது யூடியூப் தரும் எச்சரிக்கை, 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே போகும். ஸ்ட்ரைக்குக்கு எதிர் அறிவிப்பு கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு 10 வேலை நாள் அவகாசம், அதுவரை வீடியோ இருட்டில்தான். மெட்டே வேண்டுமென்றால் ஓர் இசையமைப்பாளரிடம் புதிதாகப் போட்டு வாங்கி, உரிமையை எழுத்தில் வாங்குங்கள்.

ரொம்ப முக்கியமானது இது. 2025 ஏப்ரலில் டிக்கெட் தளத்தில் தன் பக்கம் காணாமல் போனபோது கம்ரா எழுதிய திறந்த கடிதத்தில் கேட்டது, தன் நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களின் தொடர்பு விவரங்களை. பல வருடம் உட்கார்ந்து கேட்ட கூட்டத்தின் முகவரி அவரிடம் இல்லை, தளத்திடம் இருந்தது. அரங்கு வாசலில் ஒரு கியூஆர் அட்டை வையுங்கள், ஒப்புதலோடு மின்னஞ்சல் சேருங்கள். 300 பேரில் 100 பேர் கொடுத்தாலும், ஆறு ஊர் போனால் 600 பேர். எந்தத் தளம் கைவிட்டாலும் அந்த 600 பேருக்கு ஒரே மின்னஞ்சலில் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லலாம்.

---

மைக்டெஸ்ட் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மேலும் இரண்டு கேள்வி. டிவி ஒப்பந்தம் கையில் உள்ளவர்கள் இதை எப்படிப் பார்க்க வேண்டும்? மன்னிப்பு வீடியோ போடச் சொல்லி அழுத்தம் வந்தால்?

---

மூணாவதுவரிசை எழுதியது:

டிவியில் முடிவு உங்களுடையதாக இருக்காது. 2022 ஜனவரியில் ஜீ தமிழின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு குழந்தைகள் ராஜா, மந்திரி வேடத்தில் பணமதிப்பு நீக்கத்தைக் கிண்டல் செய்தார்கள். பாஜக தரப்பு புகார் செய்ய, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 7 நாளில் பதில் கேட்டு சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. குழந்தைகளுக்கே இது என்றால் பெரியவர்களுக்குச் சேனல் சண்டை போடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நற்பெயருக்குக் கேடு விளைவித்தால் நீக்கலாம் என்றொரு ஷரத்து இருக்கும். அதில் "சேனலின் கருத்தில்" என்ற சொற்கள் இருந்தால் ஒரு போன் அழைப்பே காரணமாகிவிடும். "குற்றம் நிரூபிக்கப்பட்டால்" என்று மாற்றக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், ஏற்கெனவே படம்பிடித்த பகுதிகளுக்கான சம்பளம் ஒளிபரப்பாவிட்டாலும் வரவேண்டும் என்றாவது சேருங்கள். அதைவிட மோசம், வெளிமேடைப் பேச்சுக்கும் சேனல் அனுமதி வேண்டும் என்ற ஷரத்து. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த 12 நிமிடத்தைச் செய்யவே முடியாது.

மன்னிப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தகவல் தவறு என்றால் அந்தத் தகவலை மட்டும் உடனே திருத்துங்கள், தேதியோடு, ஒரே பத்தியில். வலியவரைக் கிண்டல் செய்ததற்காக மன்னிப்பு வேண்டாம். நடைமுறையில் அதனால் ஒன்றும் நிற்பதில்லை. எஃப்.ஐ.ஆர். அப்படியே இருக்கும், மன்னிப்பு வீடியோ எதிர்த்தரப்பின் மனுவில் ஒப்புதல் மாதிரி இணைக்கப்படும், அடுத்த அரங்கு முதலாளியும் பயந்துவிடுவார். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பற்றி வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக, சட்டமன்ற உரிமை மீறல் என்று ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்ப்பு பலமாக இருந்ததால் சில நாளிலேயே விட்டார்கள், பின்னால் வழக்குப் போட்டு 1,000 ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். உரிமை மீறல் என்ற ஆயுதம் இன்னும் இருக்கிறது, கம்ரா மீதும் மகாராஷ்டிர மேலவையில் அதைக் கொண்டுவந்தார்கள். ஆகவே தனி அமைச்சரின் வேலையைப் பற்றிப் பேசும்போது, அவையையோ சபாநாயகரையோ அதற்குள் இழுக்காமல் இருப்பது நல்லது.

எளியவர்களைப் புண்படுத்தியது வேறு கணக்கு. 2025 ஆகஸ்டில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய ஜோக்குகளுக்காக சமய் ரெய்னா உள்ளிட்ட நகைச்சுவைக் கலைஞர்கள் சிலரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு வரி உங்கள் 75 நிமிடத்தில் வேறெங்காவது இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். அமைச்சரின் ஆட்கள் தேடுவது அந்த வரியைத்தான்.

---

முன்ஜாமீன் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. அமைச்சர் தானாக வழக்குப் போடாவிட்டாலும், அரசு வழக்கறிஞர் அரசின் அனுமதியோடு நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தாக்கல் செய்ய பி.என்.எஸ்.எஸ். 222 வழி தருகிறது. அதற்கு 6 மாதம்தான் காலக்கெடு. வீடியோ வெளியான தேதியைக் குறித்துவைத்து அந்த 6 மாதமும் மூலக் கோப்பு, மின்னஞ்சல்கள், அரங்கு ஒப்பந்தம் எதையும் அழிக்காமல் இருங்கள். தனிப்பட்ட முறையில் வழக்குப் போட 3 வருடம் இருக்கிறது, ஆகவே கோப்பைத் தூக்கிப்போட வேண்டாம்.

வெளியீட்டை வெள்ளி மாலை வைக்காதீர்கள். சனி, ஞாயிறு கோர்ட் இல்லை, முன்ஜாமீன் மனு திங்கள்தான் எடுப்பார்கள். முனாவர் கைதான ஜனவரி 1 ஒரு வெள்ளிக்கிழமை. திங்களோ செவ்வாயோ காலை 10 மணிக்குப் போடுங்கள், வக்காலத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிட்டு.

---

மைக்டெஸ்ட் எழுதியது:

செவ்வாய் காலை 10 என்று வைத்தாயிற்று. அரங்கின் தீயணைப்புச் சான்று நகல் கேட்டிருக்கிறது, வந்ததும் இங்கே சொல்கிறேன்.